ஒரு பிள்ளை போதும்

"வியட்நாம் மொழிக்கு யாருமே பேர் குடுக்கல டீச்சர்."

கல்விப் பொறுப்பாளர் சியூ மேடம் இதைச் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் குயென் பக்கம் நகர்த்தினார்.

அதை அப்படியே மேசையில் கவிழ்த்துவிட்டு எழுந்து போகலாம் போலிருந்தது குயெனுக்கு.

இந்தக் கோடையில் அவள் வேலை கேட்டு வந்த நான்காவது பள்ளிக்கூடம் இது.

முதல் பள்ளியில் ஏற்கெனவே ஆள் இருந்தது. இரண்டாவது, சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லாமல் மூடப்போகிறது. மூன்றாவதில் அவளுடைய உச்சரிப்பு தெற்கத்தி உச்சரிப்பு என்று குறை சொன்னார்கள். சொன்ன மனிதருக்கு வியட்நாம் மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது.

வியட்நாமில், வின் லாங் ஊரில் ஆறு வருடம் வேதியியல் நடத்தியவள் அவள். தைவான்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு தன் பட்டச் சான்றிதழை அங்கீகாரம் கேட்டு மூன்று முறை கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினாள். மூன்று முறையும் போன கசங்கல் மாறாமல் திரும்பி வந்தது. ஒன்பது வருடமாகக் கடற்கரைக் கொட்டகையில் சிப்பி உடைத்துச் சதை எடுக்கிறாள். விரல் நுனிகளில் கீறல் இல்லாத இடம் இல்லை.

சொந்த மொழியையே பள்ளியில் சொல்லித் தரலாம், ஒரே ஒரு பிள்ளை பேர் கொடுத்தாலும் வகுப்பு உண்டு என்று கொட்டகையில் யாரோ சொன்னார்கள். அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறிப் போய் முப்பத்தாறு மணி நேரப் பயிற்சியை முடித்தாள். கையில் வந்த சான்றிதழில் தன் பெயருக்குப் பக்கத்தில் 'ஆசிரியர்' என்று இருந்ததைப் பேருந்திலேயே நாலைந்து தடவை படித்துப் பார்த்தாள்.

அந்தச் சான்றிதழ் இப்போது மேசைமேல், தேநீருக்குப் பக்கத்தில் கிடந்தது.

"எங்க நாட்டு அம்மாக்களோட பிள்ளைங்க இங்க எத்தனை பேரு மேடம்?"

"நாலு பேர். நாலு பேருமே இந்த ஊர்ப் பேச்சுதான் வேணும்னு படிவத்துல ஹொக்கியனுக்கு டிக் போட்டிருக்காங்க."

"நீங்க எடுத்துச் சொல்லலியா?"

"போன் பண்ணாம இருப்பேனா? ஒரு பையனை மத்த பசங்க கிண்டல் பண்றாங்களாம். ஒரு வீட்ல மாமியார் கூடாதுன்னுட்டாங்க. இன்னொரு அம்மா, 'அத படிச்சு என் பொண்ணு என்னத்த சாப்பிடப் போறா'ன்னு என்னையே கேக்கறாங்க."

குயெனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று வீடுகளும் அவளுக்குத் தெரியும். சந்தையில் பார்த்தால் நின்று பேசுகிறவர்கள்தான். புத்தாண்டுக்கு ஒன்றாக உட்கார்ந்து இலையில் அரிசிப் பலகாரம் கட்டியவர்கள்.

"கிண்டல் பண்றாங்களாம்! பிள்ளைக்கு அந்த வெக்கத்த யாரு ஊட்டினது? இவளுங்கதான் சோத்தோட சேத்து ஊட்டினாளுங்க. பெத்தவளே தன் பேச்ச ஒளிச்சு வெச்சா, ஊர்ல எவன் மதிப்பான் மேடம்?"

சீன மொழியில் இவ்வளவு வேகமாக அவள் பேசியதே கிடையாது. பக்கத்து மேசைக்காரர் தலைதூக்கிப் பார்த்தார்.

"நாலாவது வீட்ல என்ன சொன்னாங்க? அதையும் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

சியூ மேடம் ஃபைலைத் திறந்து ஒரு தாளை உருவினார்.

"அங்க நான் போன் பண்ணல. அந்தம்மாதான் இன்னைக்கு நேர்ல வர்றாங்களேன்னு விட்டுட்டேன்."

தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

இரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு. கெ செங்யோ.

ஹொக்கியன் கட்டத்தில் டிக். கீழே பெற்றோர் கையெழுத்து. ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து எழுதிப் பழகிய சீன எழுத்துகள். அவளுடைய கையெழுத்து.

அவள் மறந்திருக்கவில்லை. மறந்தவள்போல இருந்தாள். ஒரு பிள்ளை போதும். அது தன் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லையே.

"இன்னைக்கு நாலு மணி வரைக்கும் மாத்திக்கலாம்," என்று பேனாவை நீட்டினார் மேடம். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதைத்தான் குயெனால் தாங்க முடியவில்லை. "வீட்ல கொஞ்சமாவது பேசுவான்ல உங்க பையன்?"

"இல்ல."

"ஒண்ணு, ரெண்டு எண்ணுவான்ல?"

"நான் அவன்கிட்ட எங்க மொழில பேசினதே இல்ல மேடம். ஒரு வார்த்தைகூட."

பேனாவை வாங்கிக்கொண்டாள். மூடியைக் கழற்றினாள்.

அப்போது மணி அடித்தது. தாழ்வாரத்தில் பிள்ளைகளின் செருப்புச் சத்தம். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே ஆ பிரிவு வரிசையாக வந்தது. நடுவில் செங்யோ, முன்னால் போகிறவனின் தோளில் கை போட்டுக்கொண்டு, ஹொக்கியனில் ஏதோ கத்திச் சிரித்தபடி.

"அதோ வர்றான்," என்று முகம் மலர்ந்து திரும்பினார் சியூ மேடம். "கூப்பிட்டு அவனையே..."

எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

குயென் இரும்பு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தோம், எப்படி அங்கே போனோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கையில் திறந்த பேனா. வரிசை முழுதும் கடந்து, செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறி ஓயும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.