நீலம் கலந்த பொடி

சாந்தோம் ஆம்ப்ரோஸ் கடையில் கலப்படம் நடக்கிறது என்று மொட்டைக் கடுதாசி வந்திருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் கருணாகரன் கடைப்படி ஏறினார்.

பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. விஷத்திலேயே கலப்படம் என்பதை அவர் இப்போதுதான் கேள்விப்படுகிறார். ரோஜாச் செடிக்குப் பூச்சி விழாமல் தூவுகிற பாஷாணப் பொடியில் என்னத்தையோ கலந்து விற்கிறாராம். யுத்தம் முடிந்தும் இந்த வியாபாரிகளுக்குப் புத்தி வரவில்லையே என்று கருணாகரனுக்கு ஆத்திரம். லைசென்ஸைப் பிடுங்காமல் திரும்புவதில்லை என்று லஸ்ஸில் டிராமை விட்டு இறங்கும்போதே தீர்மானம் செய்துவிட்டார்.

கடைக்குள் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த காமாக்ஷி அம்மாள் ஒரு டப்பாவை நீட்டி, ஆம்ப்ரோஸைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்காத்து ரோஜா இலையெல்லாம் நீலம் நீலமாத் திட்டு விழுந்துண்டு நிக்கறது. பாக்கறவா சிரிக்கறா. தியாகராய நகர்ல இதே பொடியைப் பால் மாதிரி வெள்ளையாத் தரா. உம்ம கடையில மட்டும் ஏன் இப்படி?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி சாட்சியே கிடைத்துவிட்டது. கருணாகரன் தான் யார் என்று சொல்லி, டப்பாவை வாங்கித் திறந்தார். பொடி நல்ல நீல நிறத்தில் இருந்தது.

"கையால தொடாதீங்க சார்" என்று ஆம்ப்ரோஸ் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார்.

கம்பெனியிலிருந்து இது வெள்ளையாகத்தானே வருகிறது என்று கருணாகரன் கேட்டார். ஆம்ப்ரோஸ் ஆமாம் என்றார். துணிக்குப் போடுகிற நீலத்தைத் தானே வாங்கி, தானே கலப்பதாகவும் சொன்னார். பூசி மெழுகவில்லை. உட்காருங்கள், காபி சாப்பிடுங்கள் என்று குழையவும் இல்லை.

பொடி வந்தபடியே விற்க வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. அது தெரியுமா என்றதற்கும் தெரியும் என்றே பதில் வந்தது. இத்தனை நேராகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஆளைக் கருணாகரன் தம் உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

"பின்னே எதுக்குய்யா கலந்தீர்?"

ஆம்ப்ரோஸ் டப்பாவை வாங்கி மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன வருஷம் என்கிட்ட வாங்கிட்டுப் போன ஒருத்தர், பொடியை ஒரு பிஸ்கட் டின்னில கொட்டி அடுப்படி அலமாரியில வெச்சிட்டார். ரேஷன்ல வர்றது என்ன, புழுத்த கோதுமை. சமையல் பண்ற அம்மா அந்த டின்னைத் திறந்து பாத்திருக்கு. வெள்ளை வெளேர்னு மாவு. ஐயா எங்கேயோ கஷ்டப்பட்டு வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கார்னு சந்தோஷப்பட்டு, பிள்ளைங்களுக்கு ரெண்டு தோசை வார்த்துக் குடுத்திருச்சு."

காமாக்ஷி அம்மாளின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

இரண்டு குழந்தைகளும் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார்களாம். தெய்வாதீனமாகப் பிழைத்துவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் ஆம்ப்ரோஸ் கடையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கிடந்தாராம்.

"நான் சட்டப்படிதான் வித்தேன் சார். கையெழுத்து வாங்கினேன், லேபிள் ஒட்டினேன். டின் மாறினப்போ லேபிள் கூடவே போகலை. நிறம்னா எந்த டின்னுக்குப் போனாலும் கூடப் போகும். நீல மாவுல யாரும் தோசை வார்க்க மாட்டாங்க."

காமாக்ஷி அம்மாள் டப்பாவைத் திரும்ப வாங்கி, புடவைத் தலைப்பால் சுற்றிக்கொண்டாள். தன் வீட்டிலும் போன தடவை வாங்கிய டப்பா உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, முதலில் அதை எடுத்துக் கொல்லைப்புறத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

கருணாகரன் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்தவர்; இப்படி ஒருவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. ஆனால் கும்பிடுவதற்கா சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது?

"நியாயம் வேற, நிபந்தனை வேற மிஸ்டர் ஆம்ப்ரோஸ். நான் ரிப்போர்ட் எழுதியே ஆகணும். மேலே கலெக்டர் வரைக்கும் போகும். உங்க லைசென்ஸ் போனாலும் போயிடும்."

"எழுதுங்க சார். அந்தப் பிள்ளைங்க விஷயத்தையும் ஒண்ணு விடாம எழுதுங்க" என்று ஆம்ப்ரோஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, மைக்கூட்டையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

கருணாகரன் இரண்டு பக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் சட்டைப் பையிலிருந்த கடுதாசியை எடுத்து ரிப்போர்ட்டோடு சேர்த்துக் குத்தினார். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சல் பொங்கியது.

"உங்களைப் போய்க் காட்டிக் கொடுக்க எவனுக்கய்யா மனசு வந்தது? போட்டிக் கடைக்காரனாத்தான் இருப்பான்."

ஆம்ப்ரோஸ் மைக்கூட்டை மூடி வைத்தார்.

"எல்லாக் கடையிலேயும் இந்தப் பொடிக்கு நிறம் போடணும்னு உத்தரவு போடச் சொல்லி, என் பேர், விலாசம், கையெழுத்து எல்லாம் போட்டு உங்க ஆபீசுக்கு நாலு மனு அனுப்பினேன் சார். ஒரு வருஷமாச்சு, யாரும் எட்டிப் பாக்கலை. போன வாரம் பேர் போடாம இந்த ஒண்ணை எழுதினேன். ஆறாம் நாளே வந்துட்டீங்க."