புதுச் சாரம்

"இற்றுப்போன சாரத்தை உடனே அவிழ்த்து, தொழிலாளருக்குப் புதுச் சாரம் கொடுக்கவும்." துறைமுக வீதியில் மாடி கட்டும் கொந்தராத்துக்காரர் யேசுரட்ணம் அரசாங்கக் கட்டளையை உரக்க வாசித்தார்.

மனுப் போட்ட மேசன் அபூதாஹிருக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கே கிடைக்குமா முதலாளி?"

"ஓம், நாளைக்கே!"

மனுசன் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் காலையில், சங்கக்கடையில் வாங்கிய உடுக்கிற கட்டம் போட்ட சாரம் ஆளுக்கொன்று கைக்கு வந்தது. அதிகாரியும் வந்து, கட்டளை நிறைவேறியது என்று எழுதிக்கொண்டு போனார்.

"எப்பிடி, இடுப்பில நிக்குதா?" என்றார் முதலாளி.

அபூதாஹிர் அண்ணாந்து பார்த்தார். போன மாதம் கூட வேலை செய்த கிறிஸ்தோபரைக் கீழே தள்ளிய மூங்கில் சாரம் சுவரோரம் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இடுப்பில நல்லா நிக்குது முதலாளி. இனி நாங்க எதில நிக்கிறது?"