ஐந்தாம் அறைப் பிள்ளைகள்

"அந்த அஞ்சாம் நம்பர் ரூம் பிள்ளைங்க பக்கம் மட்டும் போயிடாத மாரிசெலா. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் கேப்டன் ஃபௌஸ்டோ, சுக்கானிலிருந்து கையை எடுக்காமலே.

"யார் போறா?"

"கப்பல்ல ஏறின உடனே அந்த ஆளு நேரா என்கிட்டதான் வந்தாரு. தன் பிள்ளைங்க பக்கத்துல உன்னைப் பார்க்கவே கூடாதாம். மீறினா என்ன செய்வாருன்னு உனக்கே தெரியுமாம்."

"தெரியும்" என்றாள் மாரிசெலா.

பதினாறு பயணிகள் மட்டுமே போகிற சின்னக் கப்பல். அதில் கலாபகோஸ் தீவுகளைச் சுற்றிக் காட்டும் கைடு அவள். ஐந்தாம் அறைக்காரன் ரெனான், குவாயாகில் நகரத்தில் கடை வைத்திருப்பவன். மனைவி லொரேனா, ஒன்பது வயது எமிலியா, ஐந்து வயது மத்தியாஸ் எல்லோருக்கும் வேறொரு கப்பலில்தான் இடம் பிடித்திருந்தான். அதன் எஞ்சின் பழுதாகிவிட, கடைசி நேரத்தில் இதில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு கைடைக் கண்டாலே ஆகவில்லை என்பதை மற்றவர்கள் சீக்கிரமே கவனித்துவிட்டார்கள். நீச்சல் கண்ணாடிகளோடு மாரிசெலா மேல்தளத்துக்கு வந்தால் போதும், எமிலியா தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவாள்.

"பொண்ணு உன்னைப் பார்த்தாலே நடுங்குதே, ஏதாவது அதட்டினியாம்மா?" என்று கேட்டார் பியெதாத். குவெங்காவிலிருந்து தனியாக வந்திருந்த பல் டாக்டர்.

"இல்லீங்க மேடம்."

"அப்ப கொஞ்சம் சிரிச்சுப் பேசேன். மூஞ்சிய இப்படி வச்சிருந்தா எந்தப் பிள்ளை கிட்ட வரும்?"

மாரிசெலா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அன்று மதியம் மீனும் வாழைக்காயும் போட்ட காசுவேலாக் குழம்பு. ரெனான் மேலே தூங்கிக்கொண்டிருந்தான். லொரேனா ஊதி ஊதி ஆறவைத்து மத்தியாஸிடம் தட்டை நகர்த்தினாள். அவன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போது, எதிர் மேசையிலிருந்து ஓடிவந்த மாரிசெலா தட்டையும் கரண்டியையும் வெடுக்கென்று பறித்தாள்.

பையன் உதட்டைப் பிதுக்கினான்.

"இதுல வேர்க்கடலை அரைச்சு ஊத்தியிருக்கு. அவனுக்கு ஆகாது" என்றாள் மூச்சு வாங்க. பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாது" என்றாள்.

லொரேனாவின் முகம் சிவந்துவிட்டது.

"அதுக்காகப் பச்சப்புள்ள வாயிலேர்ந்து பிடுங்கறதா? சொன்னா கேட்டுக்க மாட்டாங்களா?" என்றார் பியெதாத். மேசை முழுக்க முணுமுணுப்பு. கேப்டன் வந்து எல்லோர் முன்னாலும் லொரேனாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் நிமிரவே இல்லை. "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னாள்.

இசபெலா தீவைத் தாண்டியதும் கடல் முரட்டுத்தனமாகிவிட்டது. கப்பல் தொட்டிலாட்டம் ஆடியது. பாதிப் பேர் வாளியோடு படுத்துவிட்டார்கள். ஐந்தாம் அறையிலிருந்து மத்தியாஸ் வாந்தியெடுக்கும் சத்தமும் அழுகையும் மாறி மாறி வந்தன.

மாரிசெலா எலுமிச்சைத் துண்டுகளோடு அந்தக் கதவுக்கு வெளியே நின்றாள். கதவில் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். உள்ளே லொரேனா ஏதோ சொல்லித் தேற்றத் தேற்ற, அழுகை கூடிக்கொண்டேதான் போனது.

கதவு திறந்தது. ரெனான் நின்றான். அவளையும் எலுமிச்சையையும் பார்த்தான்.

"போ" என்றான், பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில்.

எலுமிச்சையை வாசல் ஓரம் வைத்துவிட்டு அவள் படியேறிப் போனாள்.

கடைசி நாள் வெள்ளை மணல் கடற்கரையில் இறங்கினார்கள். கடற்சிங்கங்கள் வெயிலில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. "பெரிய ஆண் ஒண்ணு இங்க சுத்தும். அதுக்கும் தண்ணிக்கும் நடுவுல யாரும் நிக்காதீங்க" என்று மாரிசெலா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். ஐந்தாம் அறைக்காரர்கள் பக்கம் அவள் பார்வை போகவில்லை.

மத்தியாஸ் குட்டி ஒன்றைப் பார்த்தபடியே நடந்து, சரியாக அந்த இடத்தில் போய் நின்றான்.

பாறை போலக் கிடந்தது எழுந்தது. குரைத்துக்கொண்டு, மணலை வாரியடித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. ரெனான் கத்தினான். லொரேனா கைகளை விரித்தபடி மகனை நோக்கி ஓடினாள். மாரிசெலா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த படகுத் துடுப்பை மணலில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"அம்மா!" என்று அலறினான் மத்தியாஸ்.

திரும்பி ஓடினான். விரித்திருந்த லொரேனாவின் கைகளைத் தாண்டி ஓடி, மாரிசெலாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்தான்.

ஆண் கடற்சிங்கம் உறுமிவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் போனது. மாரிசெலாவின் கையிலிருந்து துடுப்பு நழுவியது. அவள் பையனைத் தொடவில்லை. இரு கைகளையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு ரெனானையே பார்த்தபடி நின்றாள்.

"பாவம், பயத்துல ஆள் அடையாளம் தெரியல பிள்ளைக்கு" என்று சிரித்தார் பியெதாத். "ராசா, உங்கம்மா அங்க நிக்கிறாங்க பாரு!"

மத்தியாஸ் பிடியை விடவில்லை.

எமிலியா அப்பாவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் பியெதாத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவன் சரியாத்தான் ஓடினான். எங்கம்மா இவங்கதான்."