உழைக்கிற தரை

உள்ளங்கால் இரண்டும் எரிந்தன. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்திருந்தால் கொஞ்சம் அடங்கியிருக்கும். கிடைக்கவில்லை.

செருப்பைக் கழற்றி வாசலோரம் தள்ளினாள். முகம்கூடக் கழுவவில்லை. அதற்குள் உள்ளறையிலிருந்து புருஷனின் குரல் வந்தது.

"வந்துட்டியா? நேரா இங்க வா. வெறுங்காலோட வா."

அந்த அறையில் கிடந்த கட்டில் போன மழைக்காலத்திலேயே கூடத்துக்குப் போய்விட்டது. இனி அந்த அறை அவருடைய ஆபீஸ். மேசை வந்தாயிற்று. சக்கரம் வைத்த நாற்காலியும் வந்தாயிற்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். தரைதான் இன்னும் அமையவில்லை.

வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஆலோசனை சொல்லும் தொழில் செய்யப்போகிறார். சட்டுபுட்டென்று முடிவெடுப்பது எப்படி என்று முதலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். தரை போட்ட மறுநாளே ஆரம்பம்.

தரை என்றால் லேசா? நாற்காலி உருள வேண்டும், கீறல் விழக் கூடாது, கறை ஒட்டக் கூடாது. "ஆயுசுக்கும் உழைக்கணும்" என்பார். உழைப்பைப் பற்றி அவர் இவ்வளவு அக்கறையாகப் பேசியது தரை விஷயத்தில் மட்டும்தான்.

வாரம் ஒரு சாம்பிள் வாங்கி வருவார். பெரிய ஆர்டர் வரும் என்று நம்பித் தரைக்கடைக்காரரும் கொடுத்தனுப்புகிறார், பாவம். ஓர் அடிச் சதுரம். அதன்மேல் டீயை ஊற்றுவார், துடைப்பார். சாவியால் கீறுவார். சுத்தியலைப் போட்டுவிட்டு, நெஞ்சுச் சளி பார்க்கிற டாக்டர் மாதிரி காதைச் சாய்த்துக் கேட்பார். கடைசிப் பரீட்சைக்குத்தான் அவள்.

"நின்னு பாரு. உனக்குத்தானே நின்னு பழக்கம்."

பழக்கம்தான். துணிக்கடையில் காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு இறங்கும்வரை நிற்கிறாள். நாற்காலியெல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. விற்கிற பெண் உட்கார்ந்தால் மேலே இருக்கும் காமிரா பார்க்கும், மேனேஜர் வருவார், அன்றைய சம்பளம் போகும்.

இன்றைக்குத் தரையில் கிடந்தது கார்க், பாட்டிலை அடைக்கிற அதே தக்கை. பழுப்பு நிறம், விரல் தடிமன்.

"இதுதான்னு தோணுது," என்றார். "டீ ஊத்தினேன், கறையே இல்ல. சுத்தியல் போட்டேன், பள்ளம் விழுந்து தானா எழும்பிடுச்சு. நீ சரின்னா நாளைக்கே சொல்லிடுறேன்."

இத்தனை மாதத்தில் அவர் வாயில் 'நாளைக்கே' வந்ததில்லை.

ஏறி நின்றாள்.

கால் மெல்ல அமிழ்ந்தது. குதிகாலின் எரிச்சல் அப்படியே கீழே வடிந்தது. இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் 'அப்பாடா' வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எப்படி?"

"வலிக்குதுங்க."

"இதுவுமா?"

"குதிகால்ல குத்துது. நீங்க வேற ஆயுசுக்கும்னு சொல்றீங்க..."

அவர் முகம் வாடியது. ஆனால் நாளைக்கு ஒன்றும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்றதும் தோள் இரண்டும் இறங்கி நிம்மதியானதையும் அவள் பார்த்தாள்.

"அவசரப்படக் கூடாதுல்ல. ரப்பர்ல ஒண்ணு வந்திருக்காம், அடுத்த வாரம் பார்ப்போம். இதை அந்த மூலையில போடு."

மூலையில் போட்டாள். மூலைக்குப் போனதை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை, கடையில் பெட்ஷீட் பிரிவு அக்கா அவளுக்காகக் காத்திருந்தாள். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்தவள்.

"என்னடி, ஆபீஸர் முடிவு பண்ணிட்டாரா?"

"இல்லக்கா."

"மகராசன், நூறு வருஷம் யோசிக்கட்டும்!"

கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் காலடியில் வரிசையாகக் கிடந்தன, அவர் வேண்டாம் என்று ஒதுக்கியவை எல்லாம். சட்டைப் பிரிவுக்காரி நுரை வைத்த வினைல் விரிப்பின்மேல் நின்றாள். பில் போடுகிறவள் கம்பளித் துண்டின்மேல். காமிராவுக்குத் தலைதான் தெரியும். கவுண்டருக்குக் கீழே கால் எதன்மேல் நிற்கிறது என்று தெரியாது.

அக்கா மட்டும்தான் இன்னும் வெறும் கல்தரையில். அடுத்தது உங்களுக்குத்தான் என்று போன வாரமே அக்காவிடம் சொல்லியிருந்தாள்.

பைக்குள் கையை விட்டாள். கார்க் தட்டுப்பட்டது. நேற்று நின்ற சுகத்தைக் கால் இன்னும் மறக்கவில்லை.

கவுண்டருக்குப் பின்னால் குனிந்தாள். அவளுடைய இடத்தில் கிடந்தது முதல் வாரம் வந்த சாம்பிள், அட்டை மாதிரி மெல்லிசு. இன்னும் நல்லதெல்லாம் வரும் என்று தெரியாமல் அன்றைக்கே அவசரப்பட்டுத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அதை உருவித் தூசி தட்டி நீட்டினாள்.

"இந்தாங்கக்கா."

அக்கா திருப்பிப் பார்த்தாள். "தேஞ்ச மாதிரி இருக்கேடி?"

"அவர் சுத்தியலால அடிச்சுப் பார்ப்பாருக்கா."

அக்கா அதை விரித்து, மேலே ஏறி நின்று, கண்ணை மூடி, "அப்பாடா" என்றாள்.

அவள் கார்க்கைத் தன் இடத்தில் போட்டு ஏறி நின்றாள். இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு ஒரு நல்ல துண்டு பாக்கி.