பிளாக்கியின் பங்கு

“காடைங்க தூங்குது. கூண்டைத் தொறக்காதய்யா, பயந்துக்கும்!”

மகன் தீபன் வீட்டுப் பின்பக்கம் தலையை நீட்டியதுமே வீரமுத்து குறுக்கே போய் நின்றார். கான்வாஸ் போர்த்திய அந்தக் கூண்டுக்குள் ஒரு காடைகூட இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் மலைப்பாம்பு புகுந்து பாதியை விழுங்கியது. மீதி பயத்திலேயே செத்தன.

இதை மகனிடம் சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. காரணம் பிளாக்கி. பெர்மாஸ் ஜெயா நகரத்து வீட்டில் தீபன் வளர்க்கிற கறுப்பு நாய்.

முட்டை போடுகிற பெட்டைக் காடைமேல் வீரமுத்து கத்தியே வைக்கமாட்டார். கூண்டுக்கு மிஞ்சிய ஆண் காடைகளை மட்டும் அறுத்து, இறகைப் பிடுங்கி, குடலோடு அப்படியே வைத்திருப்பார். நாய்க்கு அதுதான் சத்தாம். அதை வாங்கிப் போகத்தான் தீபன் ஞாயிறுதோறும் அப்பாவின் ஊரான சிம்பாங் ரெங்கம் வரை காரோட்டி வருவான்.

மனைவி யோகேஸ்வரி இறந்தபிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான். அப்பனும் மகனும் வேறு என்னத்தைப் பேசிக்கொள்வார்கள்? எல்லாம் நாய்ப் பேச்சுதான். காடை இல்லையென்று தெரிந்தால் அதுவும் போச்சு. அந்தப் பயத்தில் மனிதர் வாராவாரம் காலையிலேயே பாசார் சந்தைக்கு ஓடி, இறகு மட்டும் பிடுங்கிய காடைகளை வாங்கிவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“பிளாக்கி எப்படிடா இருக்கான்?”

“நல்லா இருக்கான்ப்பா.”

“முன்ன மாதிரி கூட்டிட்டு வாயேன் லா. பாத்து எவ்ளோ நாளாச்சு!”

“இப்பல்லாம் கார்ல வாந்தி எடுக்குறான்ப்பா.”

காடைப் பையோடு வீரமுத்து காருக்கு நடந்தார். பின்சீட்டில் பிளாக்கிக்காக விரித்திருக்கும் பழைய துண்டைக் காணோம். ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை. பரவாயில்லையே, பயல் இப்போதாவது காரைச் சுத்தமாக வைக்கக் கற்றுக்கொண்டான்!

தீபன் காடைகளை ஒவ்வொன்றாக ஐஸ்பெட்டியில் அடுக்கினான். ஒன்று கை வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. வயிறு பிதுங்கி, புள்ளி போட்ட முட்டை ஒன்று உருண்டுவந்து வீரமுத்துவின் சிலிப்பரில் முட்டி நின்றது.

அலமாக், மாட்டிக்கொண்டோமே! கிழவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“அப்பா, நீங்க பெட்டையை அறுக்க மாட்டீங்களே?”

“அது... தவறிப்போயி...”

தீபன் விறுவிறுவென்று பின்பக்கம் போய்க் கான்வாஸை இழுத்தான். தண்ணீர்க் குவளையில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

வீரமுத்துவால் மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பாசார்ல வாங்குனதுடா. கூண்டு காலியாகி ரெண்டு மாசம் ஆச்சு. நாய்க்குக் காடை இல்லன்னா நீ எதுக்கு வரப்போற? அப்புறம் நான் யாருகிட்டடா பேசுறது?”

தீபன் திரும்பி வந்து, கீழே கிடந்த முட்டையை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

“பிளாக்கி செத்து நாலு மாசம் ஆச்சுப்பா.”