அரைக் கட்டை

"கட்டையை ஏத்திட்டீங்களா சார்?"

"இல்லையே டீச்சர். எப்பவும் வாசிக்கிற கட்டைதான்."

பெசன்ட் நகர் மாதா கோயிலில், போன ஞாயிறு பூசை முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் வில்லியத்தோடு நடந்த இந்தப் பேச்சை, வெரோனிகா டீச்சர் மறுபடியும் மகளிடம் ஒப்பித்தாள்.

டீனா தோசைத் திருப்பியை அடுப்பு மேடையில் டொக்கென்று வைத்தாள். "போதும்மா!"

"வேணும்னே சுருதியை ஏத்துறார்டி. காணிக்கைப் பாட்டுல என் குரல் உடையணும், எல்லாரும் திரும்பிப் பார்க்கணும். சம்சாரம் போய்ச் சேர்ந்ததிலேர்ந்து அந்த மனுஷனுக்கு வம்பு பண்ண ஆள் கிடைக்கல."

"கோயில் பூனைக்கு பிஸ்கட் வாங்கிட்டு வர்ற ஆளு, உன்னை அவமானப்படுத்துவாரா? நீயா நினைச்சுக்கிறே. நினைச்சதும் கோபம் வருது. கோபத்துல தொண்டை இறுகுது. குரல் பிசிறினா, 'பார்த்தியா, ஏத்திட்டார்'ங்கிறே. மறுபடி முதல்லேர்ந்து! பீச் ராட்டினம் மாதிரி நீ சுத்துறே, எனக்குத் தலை சுத்துது."

"கிண்டலா? இன்னிக்கே ஃபாதர்கிட்ட சொல்லிடுறேன், இனிமே நான் பாட வரலைன்னு."

டீனா சட்டென்று திரும்பினாள். அப்பா இறந்த பிறகு அம்மா நல்ல புடவையாகத் தேடிக் கட்டுவதே இந்த ஞாயிற்றுப் பாட்டுக்காகத்தான்.

"விடறவ எப்பவோ விட்டிருக்கலாமே! வாராவாரம் வாசல்ல அரை மணி நேரம் அவர்கூட சண்டை போட்டுட்டுத்தானே வர்றே?"

வெரோனிகா பாட்டுப் புத்தகத்தோடு கிளம்பினாள். அடுப்பை அணைத்துவிட்டு டீனாவும் பின்னாலேயே ஓடினாள்.

அன்றும் காணிக்கைப் பாட்டில் குரல் பிசிறியது. பூசை முடிந்ததும் வெரோனிகா நேராக வில்லியம் முன்னால் போய் நின்றாள்.

"சார், இதுதான் கடைசி. இனிமே நான் பாடப் போறதில்ல. இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க."

"சாரி அங்கிள்," டீனா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாம் இவங்களா நினைச்சுக்கிறது..."

கீபோர்டு உறையின் ஜிப்பைப் பாதியில் விட்டு வில்லியம் நிமிர்ந்தார். "இல்லம்மா. அரைக் கட்டை ஏத்தினது நிஜம்தான்."

"கேட்டியாடி?" வெரோனிகாவின் குரல் கோயிலில் எதிரொலித்தது. "நான் உங்களுக்கு என்ன சார் பாவம் பண்ணேன்?"

"கட்டை சரியா இருந்தப்போ, பாடி முடிச்சதும் நேரா வீட்டுக்குப் போயிடுவீங்க டீச்சர். சண்டை போடவாவது நின்னு பேசுவீங்களேன்னுதான்..." வில்லியம் மீண்டும் ஜிப்பைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். இந்தச் சண்டையை இனிமே தினமும் நம்ம வீட்டுல போடலாமா?"