வரிசையின் கடைசி ஆள்

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் கடைசியாக வருவது நான்தான். இந்த ஒடில் பின்னால் வந்தால் யாரும் விழமாட்டார்கள் என்பது எங்கள் மினெர்வுவா வட்டாரம் முழுக்கத் தெரியும்.

கால்வாய்க்கரைச் சரளைப் பாதையில் மரவேர்கள் புடைத்திருக்கும். முன்னால் போகும் ஒரேலியன் "வேர்!" என்று கத்துவான். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவருக்கு அதைக் கத்திச் சொல்ல வேண்டும். கடைசியில் வரும் நானும் கத்துவேன்.

"பின்னால யாருக்குக் கத்துறீங்கக்கா? வாத்துங்களுக்கா?" என்றான் புதிதாகச் சேர்ந்த லொயிக்.

"வரிசைன்னா வரிசைதான்டா."

"இன்னிக்கு நான் கடைசில வர்றேன், பாருங்க."

திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிக் கரையில் இறங்கினோம். வேர் வந்தது. குரல் ஒவ்வொருவராகக் கடந்து லொயிக்கிடம் போனது. அவன் சிரித்தபடி வாயை மூடிக்கொண்டான்.

சரளையில் சைக்கிள் சரிந்து விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். லொயிக் விழவில்லை. அவனுக்குப் பின்னால் வெறும் பாதையில் புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. ஒரு சக்கரம் சுற்றிச் சுற்றி ஓயும் சத்தம் வந்தது.

"ஒடில், நீ உன் இடத்துக்குப் போ" என்றான் ஒரேலியன். லொயிக் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.

அடுத்த வேருக்குத் தொண்டை கிழியக் கத்தினேன். எனக்குப் பின்னால் ஒரு குரல் "வேர்!" என்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. நாங்கள் எப்போதோ தாண்டி வந்த மதகு வரை அது போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் வரிசை அவ்வளவு நீளம். நான் கத்தியபின் ஒருவரும் விழுந்ததில்லை.